மூன்றாம் பிரதி

டொக்யார்ட் களஞ்சியத்தில் இருந்தவன் நான்.
தார், கயிறு, சிவப்பீயம், பித்தளை ஆணி,
எது வந்தாலும் எது போனாலும்
மூன்று பிரதியில் கையெழுத்து.
அந்தக் கைப்பழக்கத்தில்தான்
அக்காவையும் எழுதிக் கொடுத்தேன்.

வருஷப் பிறப்புக்கு ஐந்து நாள் இருக்க
சப்பான்காரன் குண்டு போட்டான்.
எண்ணெய்க் குதம் ஏழு நாள் எரிந்தது.
பிறகு ஊருக்கு அணைந்தது,
கனகாம்பிகைக்கு அணையவில்லை.
பத்து வருஷம்
நடுச்சாமத்தில் வாளியைத் தூக்கிக்கொண்டு
உட்துறைமுகப் பக்கம் ஓடினாள்.
தெருவில் படுத்திருக்கும் மான்களை
"எழும்புங்கோ, நெருப்பு வருது" என்று
ஒவ்வொன்றாய்த் தட்டி எழுப்புவாள்.
அவையும் எழும்பும்.
அதுதான் எனக்குப் பெரிய வெட்கம்.

இரவுக் கோச்சியில் கொழும்புக்குக் கூட்டிப் போனேன்.
கல்லோயாச் சந்தியில் பெட்டி மாறும்போது
என் சட்டை நுனியைப் பிடித்திருந்தாள்,
நான் தொலைந்துவிடுவேன் என்று.

டாக்டர் நல்ல மனிசன். அதையும் சொல்ல வேணும்.
ஒரு பாயில் மூன்று பேர் கிடந்த வார்ட்டைத் தாண்டி
என்னைத் தன் அறைக்குக் கூட்டிப்போய்க்
கதிரை தந்து இருக்கச் சொன்னார்.
மையொத்தித் தாளில் ஒரு தலை வரைந்தார்,
முட்டை மாதிரி.
இரண்டு கன்னப்பொறியிலும் புள்ளி வைத்தார்.
"இதால விட்டு, இப்பிடி ஒரு அசைப்பு."
மை ஊறி, புள்ளி பெருத்து,
முட்டையில் பாதியை மூடிற்று.
"நினைவு இருக்கும். கவலை இராது."
இதைக் கண்டுபிடித்தவருக்கு
உலகத்திலேயே பெரிய பரிசு கிடைத்ததாம்.

கத்தி எத்தனை அங்குலம் என்று கேட்டேன்.
களஞ்சியக்காரனுக்கு வேறென்ன கேட்கத் தெரியும்?
சிரித்தார். பாண் கத்தியிலும் சிறிது என்றார்.
எங்கே கையெழுத்து என்று கேட்டேன்.

அவளைக் கேட்கவில்லை.
கேட்டிருக்கலாம்.
அன்று விடிய அவள் தெளிவாய்த்தான் இருந்தாள்.
தேத்தண்ணிக்குச் சீனி காணாது என்றாள்.

ஆறாம் கிழமை கொண்டுவந்தேன்.
மொட்டைத் தலை,
ஒரு சதக் காசளவில் இரண்டு பள்ளம்.
ஊர் மெச்சிற்று: "பெட்டை எவ்வளவு அமைதி!"
சோறு போட்டால் சாப்பிடுவாள்,
கோப்பையை எடுக்கும்வரை சாப்பிடுவாள்.
மான் குறுக்கே படுத்திருந்தால்
கல்லைச் சுற்றுவது போலச் சுற்றி வருவாள்.

அம்மா செத்து முப்பத்தொன்றுக்குக்
கன்னியாவுக்குப் போனோம்.
ஏழு கிணறு, ஏழு சூடு.
ஒன்றில் கைவைத்து நான் உதறிக்கொண்டேன்.
அக்கா அதே கிணற்றில் அள்ளி அள்ளி ஊற்றினாள்,
தோள் சிவந்தது, முகம் அப்படியே.
"சுடுதா அக்கா?"
"சுடுது."
"அழவேணும் போல இருக்கா?"
கொஞ்சம் யோசித்தாள்.
"இருக்கும்" என்றாள்,
பக்கத்து வீட்டு ஆளைப் பற்றிச் சொல்வது போல.

மூன்று வருஷத்தில் மாத்திரை வந்தது.
அதே வார்ட்டில், அதே வருத்தக்காரருக்கு,
தண்ணியோடு விழுங்குகிற வெள்ளை மாத்திரை.
தலையைத் துளைப்பதை மெல்ல மெல்ல
விட்டுவிட்டார்களென்று பிறகு கேள்விப்பட்டேன்.
யாரும் எனக்குக் கடிதம் எழுதவில்லை.
எதற்கு எழுதுவது?
கொடுத்த சரக்கு திரும்பி வந்தால்
சிவப்பு மையில் பதிய ஒரு கொப்பி உண்டு எங்களிடம்.
அவர்களிடம் இருந்திருக்காது.

மூன்றாம் பிரதி இன்னும் என் அலுமாரியில்.
கார்பன் மங்கிவிட்டது.
மேலே அவள் பெயர் அழிந்து போச்சு,
கீழே என்னுடையது மட்டும் வாசிக்கலாம்.
அமத்தி எழுதுகிற கை எனக்கு.

போன கிழமை அடுத்த வளவில் குப்பை கொளுத்தினார்கள்.
புகை எங்கள் முற்றம் முழுக்க.
அக்கா எழும்பி
கதிரையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுவிட்டு
திரும்ப இருந்தாள்.
நான்தான் வாளியைத் தேடினேன்.